ஃபோர்ட் கொச்சி: மழைக்கால வாடகை

திங்கள்

எர்ணாகுளம் சந்திப்பில் இறங்கி வெளியே வந்ததுமே டாக்சிக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். பாலங்கள் வழியாகச் சுற்றிக்கொண்டு ஃபோர்ட் கொச்சிக்குக் காரில் போகலாம்தான். நெரிசலில் சிக்கினால் ஒரு மணி நேரம் போய்விடும், பணமும் போய்விடும். நான் படகுத்துறை வரைக்கும் ஒரு ஆட்டோ வைத்துக்கொண்டேன். அங்கிருந்து மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு. டிக்கெட் ஆறு ரூபாய்.

அந்த ஆறு ரூபாய்க்குக் கிடைப்பது கொஞ்சமல்ல. ஒரு பக்கம் போல்காட்டித் தீவு, தூரத்தில் வல்லார்பாடம் சரக்குப் பெட்டக முனையத்தின் ராட்சதத் தூக்கிகள், இன்னொரு பக்கம் துறைமுகத்துக்காகத் தோண்டிய மண்ணைக் கொட்டியே உண்டாக்கிய வில்லிங்டன் தீவு. பக்கத்து இருக்கையில் காய்கறிப் பையோடு வீடு திரும்பும் பெண்கள். 2024 ஏப்ரலிலிருந்து உயர்நீதிமன்றத் துறையிலிருந்து வாட்டர் மெட்ரோவும் இங்கே வருகிறது. மின்கலத்தில் ஓடும் குளிர்சாதனப் படகு, நாற்பது ரூபாய். வசதியானதுதான். ஆனால் கண்ணாடிக்குள் உட்கார்ந்தால் காயல் காற்று முகத்தில் படாது. நான் பழைய படகின் பக்கம்.

கமலக்கடவில் இறங்கியபோது மழை. ஜூன் மாதத்தில் இங்கே வருகிறவனுக்கு அதைப் பற்றிக் குறை சொல்ல உரிமை கிடையாது. அறை வாடகை குறைவாகக் கிடைப்பதற்குக் காரணமே அதுதான். டிசம்பரில் வந்தால் இதே தெருக்களில் வாடகை இரட்டிப்பாகும். 2012-இல் தொடங்கிய கொச்சி முசிரிஸ் பினாலே என்ற கலைத் திருவிழா நடக்கும் குளிர்காலமாக இருந்தால் அறை கிடைப்பதே பெரிய விஷயம்.

பிரின்சஸ் தெருவிலும் ரோஸ் தெருவிலும் விசாரித்துக்கொண்டே நடந்தேன். மாடியறை, குளிர்சாதனம், ஆயிரத்து ஐந்நூறு என்றார்கள். அப்படியே தெற்கே நடந்து 'வெளி' என்ற பகுதிக்குப் போனால் தெருவின் முகமே மாறுகிறது. காபிக் கடைகள் முடிந்து மளிகைக் கடைகள் தொடங்குகின்றன. அங்கே ஓட்டு வீடு ஒன்றின் பின்கட்டில் எனக்கு அறை கிடைத்தது. மின்விசிறி, கொசுவலை, தனிக் குளியலறை. வீட்டுக்கார ஆன்ட்டி எண்ணூறு கேட்டார். ஒரு வாரம் போலத் தங்குவேன் என்றதும் எழுநூறுக்கு இறங்கினார், காலையில் பாலில்லாத ஒரு கட்டன் சாயாவும் சேர்த்து. கடற்கரை நடக்கும் தொலைவுதான். கடல் தெரியும் ஜன்னல் இல்லை. கடலைப் பார்க்க எழுந்து நடந்து போனால் என்ன குறைந்துவிடும்?

செவ்வாய்

விடியற்காலையில் சீன வலைகளைப் பார்க்கப் போனேன். மாலையில் இங்கே சூரியனுக்கு முன்னால் வலையை வைத்துப் படம் எடுக்கும் கூட்டம் இருக்கும். காலையில் வேலை செய்பவர்கள் மட்டும் இருக்கிறார்கள்.

வலை வேலை செய்யும் விதம் எளிமையானது, ஆனால் பார்த்தால் அலுக்காது. கரையோரம் மேடை. அதில் முன்னும் பின்னும் சாய்ந்தாடும் பெரிய மரச் சட்டம். முன்பக்கம் நான்கு வளைந்த கைகளில் வலை விரிந்திருக்கிறது. பின்பக்கம் கயிறுகளில் வெவ்வேறு உயரத்தில் பாறாங்கற்கள் தொங்குகின்றன. ஒருவர் முதன்மை மரத்தின் மேல் நடந்து முன்னால் போனாலே போதும், அவருடைய எடைக்கு வலை தண்ணீரில் இறங்கிவிடும். தூக்கத்தான் நாலைந்து பேர் சேர்ந்து கயிற்றை இழுக்க வேண்டும். வலை மேலே வர வரக் கற்கள் ஒவ்வொன்றாக மேடைமேல் உட்காருகின்றன. சீன வணிகர்களோடு வந்த நுட்பம் என்பது வழிவழிப் பேச்சு. இப்போது பல வலைகளில் மரத்துக்குப் பதில் இரும்புக் குழாய்கள் வந்துவிட்டன.

இன்று வலையில் மீனைவிட ஆகாயத்தாமரைதான் அதிகம் வந்தது. மழை பிடித்ததும் வேம்பநாட்டுக் காயலின் நன்னீர் பெருகி, கிழக்கே இருப்பதையெல்லாம் கடலை நோக்கித் தள்ளிக்கொண்டு வருகிறது. உப்புநீர் பட்டால் அந்தச் செடி சாகும். அதற்குள் வலையில் சிக்கிக் கிழித்துவிடுகிறது, மிச்சம் கடற்கரை மணலில் அழுகிக் கிடக்கிறது. ஒரு தூக்கலில் ஒரு கூடை பச்சைக் குப்பை, நடுவே கைப்பிடி இறாலும் சில பொடிமீன்களும். வலைக்காரர்கள் முகம் சுளிக்கவில்லை. குப்பையைப் பிரித்து எறிந்துவிட்டு மறுபடி இறக்கினார்கள்.

வெளியூர்க்காரன் நின்று பார்த்தால் "வாங்க, கயிறு பிடிங்க" என்று கூப்பிடுவார்கள். பிடித்தால் கடைசியில் காசு கேட்பார்கள். இதை ஏமாற்று வேலை என்று சிலர் எழுதுவதைப் படித்திருக்கிறேன். மீன் இப்படி வருகிற காலத்தில் அது நியாயமான வருமானம் என்பது என் கட்சி. ஐம்பது ரூபாய் கொடுத்துவிட்டுக் கயிறு பிடிக்காமல் நின்றுகொண்டேன்.

ஜூன் 9 நள்ளிரவிலிருந்து ஜூலை 31 வரை, ஐம்பத்திரண்டு நாட்கள், கேரளத்தில் விசைப்படகுகளின் இழுவலைக்குத் தடை. மீன்கள் இனம் பெருக்கும் காலம். நாட்டுப் படகுகள் மட்டும் போகலாம். அதனால் வலைகளுக்குப் பக்கத்துத் தட்டுகளில் பெரிய மீன்களின் விலை ஏறிக் கிடக்கிறது. அங்கே மீனை வாங்கிப் பக்கத்துக் கடையில் கொடுத்துச் சமைத்துத் தரச் சொல்லும் ஏற்பாடு உண்டு. சமையல் கூலி, எண்ணெய், வெங்காயம், எலுமிச்சை என்று சேர்த்துப் பார்த்தால் நட்சத்திர ஓட்டல் கணக்கு வரும். சிக்கனக்காரனுக்குச் சாளை மீனே போதும். மதியம் ஊணு போடும் சிறிய கடையில் குடம்புளி போட்ட சாளைக் கறியும் மட்டை அரிசிச் சோறும் சாப்பிட்டேன். இரண்டாவது முறை சோறு கேட்காமலே வந்து விழுந்தது.

பிற்பகலில் செயிண்ட் ஃபிரான்சிஸ் தேவாலயம். 1503-இல் போர்ச்சுகீசியர் மரத்தில் எழுப்பியது, பிறகு கல்லானது. வாஸ்கோ டா காமா 1524-இல் கொச்சியில் இறந்து இங்கேதான் புதைக்கப்பட்டார். சில ஆண்டுகள் கழித்து எலும்புகளைப் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எல்லோரும் அந்தக் கல்லறைக் கல்லைச் சுற்றி நின்று படம் எடுக்க, நான் மேலே தொங்கிய பங்காக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீளமான துணி விசிறிகள். கயிறுகள் சுவர்த் துளை வழியாக வெளியே போகின்றன. உள்ளே ஜெபம் நடக்கும்போது வெளியே வெயிலில் யாரோ உட்கார்ந்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். வழிகாட்டிகள் சொல்லும் கதையில் அந்த ஆள் வருவதில்லை.

புதன்

விடாத மழை. கடற்கரை நடைபாதையின் ஓரக் கல்மேல் அலை ஏறி அடிக்கிறது. மணல் என்று சொல்ல இப்போது அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

மழைக்கு ஏற்ற இடம் மட்டாஞ்சேரி அரண்மனை. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அதற்கு முன்பே போய்விடுவது நல்லது. கட்டணம் ஒரு சாயா விலையைவிடக் குறைவு. டச்சு அரண்மனை என்று பெயர், கட்டிக் கொடுத்தது போர்ச்சுகீசியர், 1663-இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் பழுது பார்த்ததோடு சரி. உள்ளே பள்ளியறைச் சுவர்களில் ராமாயண ஓவியங்கள். படம் எடுக்கத் தடை. அந்தத் தடைக்கு நன்றி சொல்ல வேண்டும், எல்லோரும் கண்ணால் பார்க்கிறார்கள்.

யூதர் தெருவில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெபாலயம். தரையில் சீனாவிலிருந்து வந்த நீல வெள்ளை ஓடுகள். அந்தத் தெருவுக்குப் போகும் வழியில் ஆட்டோக்காரர்கள் "ஐம்பது ரூபாய், எல்லா இடமும் சுற்றிக் காட்டுகிறேன்" என்று கூப்பிடுவார்கள். அந்தச் சவாரி கைவினைப் பொருள் கடைகளில் போய் நிற்கும். நீங்கள் உள்ளே போய் வந்தாலே ஓட்டுநருக்கு ஏதாவது கிடைக்கும். கம்பளம் வாங்கும் எண்ணம் இருந்தால் மலிவான சவாரி.

துவைத்துப் போட்ட சட்டைகள் மூன்றும் அறையில் ஈரமாகவே தொங்குகின்றன. மின்விசிறிக்குக் கீழே வைத்தும் பலனில்லை. மழைக்கால வாடகையில் இதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

வியாழன்

ஆன்ட்டியிடம் துணி காயாத கதையைச் சொன்னேன். "தோபிகானாவுக்குக் கொண்டுபோ, உன் ஆட்கள்தானே" என்றார். என் ஆட்களா என்று கேட்பதற்குள் குடையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்.

அறையிலிருந்து பத்து நிமிட நடை. உள்ளே நுழைந்ததும் காதில் விழுந்தது தமிழ். மலையாளம் தோய்ந்த தமிழ்தான், ஆனாலும் தமிழ். கல் தொட்டிகளும் துவைகல்லும் கொண்ட தடுப்புகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று. அந்தப் பக்கம் கொடிகள் கட்டிய பெரிய வெளி, இந்தப் பக்கம் தேய்ப்புக் கொட்டகை.

பெரியவர் ஒருவர் என் துணிகளை எண்ணி வாங்கிக்கொண்டு, "எந்த ஊர் தம்பி?" என்றார். மதுரைப் பக்கம் என்றேன். தன் முன்னோர் எந்த ஊர் என்று அவருக்குச் சரியாகத் தெரியாது, தெற்கே எங்கோ என்றார். டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து வண்ணார் குடும்பங்களைக் கொண்டுவந்து இங்கே குடியேற்றினார்கள் என்பது இவர்களிடையே வழங்கும் வரலாறு. டச்சுக்காரர்கள் போய் 1795-இல் ஆங்கிலேயர் வந்தார்கள். 1806-இல் ஆங்கிலேயர் டச்சுக் கோட்டைச் சுவரையே இடித்துவிட்டார்கள். அவர்களும் போனார்கள். அழுக்குத் துணி மட்டும் வந்துகொண்டே இருந்தது, இவர்களும் இருந்துவிட்டார்கள். முன்பு ஆங்காங்கே குளங்களில் துவைத்தவர்களுக்கு 1970-களில் இந்த இடம் கட்டித் தரப்பட்டது. வண்ணார் சங்கத்தின் பொறுப்பில் நடக்கிறது.

வேலையை உட்கார்ந்து பார்த்தேன். ஊறவைத்து, கல்லில் அடித்து, அலசி, வெள்ளைத் துணியென்றால் நீலம் போட்டு, கஞ்சியில் முக்கிப் பிழிகிறார்கள். கொடியில் ஒரு கிளிப்கூட இல்லை. இரண்டு கயிறுகளை முறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். முறுக்கின் இடைவெளியில் துணியின் நுனியைச் செருகினால் எந்தக் கடல்காற்றுக்கும் அசையாது. கிளிப் என்றால் துருப்பிடித்துத் துணியில் கறை ஏறும், இதில் அந்தத் தொல்லை கிடையாது. எளிமையான இந்த ஏற்பாடு ஏன் எல்லா வீட்டு மாடியிலும் இல்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

மழை பெய்யும்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள் ஐயா என்று கேட்டேன். மழை அரை மணி நேரம் விட்டாலும் கொடிக்கு ஓடுவோம், தூறல் விழுந்தால் உருவிக்கொண்டு உள்ளே ஓடுவோம், மீதியை இஸ்திரிப் பெட்டி பார்த்துக்கொள்ளும் என்றார். நான் உட்கார்ந்திருந்த நேரத்திலேயே இரண்டு முறை அந்த ஓட்டம் நடந்தது. இரண்டாவது முறை நானும் ஒரு கை விரிப்புகளை உருவிக்கொண்டு ஓடினேன். தேய்ப்புக் கொட்டகையில் இருந்த அக்கா அவற்றை வாங்கி, நான் கசக்கிவிட்டதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மறுபடி நீவி மடித்தார். அவர் கையில் இருந்தது கரி போட்ட கனமான பெட்டி. அதை நான் ஒரு நிமிடம் தூக்கிப் பார்த்தேன். அவர் அதை நாள் முழுக்கத் தள்ளுகிறார்.

வந்து விழும் மூட்டைகளில் பாதி விடுதி விரிப்புகள். சுற்றுலாக்காரர்கள் தூங்கும் வெள்ளை விரிப்புகளில் பல இங்கிருந்துதான் போகின்றன. பெரியவரின் பிள்ளைகள் இந்தத் தொழிலுக்கு வரவில்லை. அதைச் சொல்லும்போது அவர் குரலில் வருத்தம் இல்லை. "படிச்சுட்டாங்க" என்று நிமிர்ந்துதான் சொன்னார். வலையையும் தேவாலயத்தையும் காட்டும் வரைபடங்களில் இப்போது தோபிகானாவும் ஒரு புள்ளியாகிவிட்டது. நான் இருந்தபோதே வெளிநாட்டுப் பயணிகள் சிலர் வந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அவர்களில் யாரும் துணி கொடுக்கவில்லை. வந்து பார்க்கிறவர்கள் இரண்டு சட்டையாவது துவைக்கக் கொடுக்கலாம். உருப்படிக் கணக்கில் வாங்குகிறார்கள், விடுதிகளின் சலவைக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமேயில்லை.

என் சட்டைகள் சனிக்கிழமை கிடைக்கும்.

வெள்ளி

வாடகைச் சைக்கிளில் போகலாம் என்றிருந்தேன். காலையில் வானம் கறுத்திருந்ததால் பஸ்ஸைப் பிடித்துச் செல்லானம் போனேன். ஃபோர்ட் கொச்சிக்குத் தெற்கே, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் காயலும் நெருக்கும் ஒல்லியான மீனவக் கிராமம். ஆண்டுதோறும் இந்த மாதங்களில் கடல் ஊருக்குள் வந்ததால், அண்மை ஆண்டுகளில் ஏழு கிலோமீட்டருக்கு மேல் டெட்ராபாட் சுவர் கட்டியிருக்கிறார்கள். நான்கு கால் கொண்ட கான்கிரீட் கட்டைகள், ஆளுயரத்துக்கு, ஒன்றோடொன்று சிக்க அடுக்கியவை. அலை அதில் மோதி உடைந்து சீறுவதை மேலே போட்ட நடைபாதையில் நின்று பார்க்கலாம். மாலை நேரங்களில் குடும்பம் குடும்பமாக நடக்க வருகிறார்கள்.

சுவர் முடிகிற இடத்துக்கு வடக்கே, கண்ணமாலிப் பக்கம், இன்னும் மணல் மூட்டைகள்தான். ஒரு வீட்டு முற்றத்தில் கணுக்கால் அளவுக்கு மணல். ஒரு பெண் அதை மண்வெட்டியால் வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். அரசாங்கத்திலிருந்து வந்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும் வேலையைத் தொடர்ந்தார். சுற்றிப் பார்க்க வந்தவன் நிற்க வேண்டிய இடமில்லை அது. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

சனி

வெயில். ஊரே மாடியில் துணி காயவைக்கிறது.

ரோ-ரோ படகில் வைப்பின் தீவுக்குக் கடந்தேன். லாரியும் காரும் மாடும் மனிதரும் ஒன்றாக ஏறும் தட்டைப் படகு. ஆட்களுக்கான கட்டணம் சில்லறைக் காசு, பயணம் சில நிமிடம். அந்தச் சில நிமிடத்தில் கடப்பது கொச்சியின் அழிமுகத்தை, அதாவது காயல் கடலில் சேரும் வாயை. 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் பழைய முசிறித் துறைமுகத்தைத் தூர்த்து இந்த வாயைப் பெரிதாகத் திறந்துவிட்டது என்கிறார்கள். வைப்பின் தீவு உருவானதும் அந்த வெள்ளத்தில்தான் என்பது வழக்கு. வாய் திறந்தும் பெரிய கப்பல்கள் நெடுங்காலம் உள்ளே வர முடியவில்லை, குறுக்கே மணல்திட்டு. 1920-இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அதை வெட்டித் திறந்து, 1928-இல் கப்பலை உள்ளே கொண்டுவந்தார். திங்கட்கிழமை பார்த்த வில்லிங்டன் தீவு அவர் கைவேலைதான்.

திரும்பும்போது படகோரம் இரண்டு ஓங்கில்கள் (டால்பின்கள்) முதுகு காட்டின. அழிமுகத்தில் அவை சாதாரணம் என்பதால் உள்ளூர்க்காரர்கள் செல்பேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் மட்டும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன்.

மாலையில் பரேடு மைதானம். டச்சு, ஆங்கிலச் சிப்பாய்கள் அணிவகுத்த இடத்தில் இப்போது பையன்கள் பந்தாடுகிறார்கள். சுற்றிலும் கிளை விரித்த மழைமரங்கள். நேற்றுப் பெய்த தண்ணீர் நடுக்களத்தில் தேங்கி நிற்க, பந்து அதில் போய் நின்றுவிடும், பத்துப் பேர் சேறு தெறிக்க அதை உதைப்பார்கள். கல்மேடையில் உட்கார்ந்த கிழவர்கள் ஒவ்வொரு உதைக்கும் தீர்ப்பு வழங்கினார்கள். பொட்டலக் கடலை வாங்கிக்கொண்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்தேன். இந்த வாரம் முழுக்க நான் அதிகமாகக் கத்தியது இங்கேதான்.

துணிகள் வந்துவிட்டன. கஞ்சி மொடமொடப்பு, கழுத்துப் பட்டையில் ஒரு சுருக்கம் இல்லை. இவற்றை இந்த ஈரத்தில் போட்டுக்கொண்டு போக மனமில்லாமல் பையில் வைத்துவிட்டேன்.

ஞாயிறு

சாந்தா குரூஸ் பசிலிக்கா மணியில் விழிப்பு. பழைய பேராலயத்தை ஆங்கிலேயர் இடித்துவிட, இப்போதிருப்பது 1905-இல் அர்ச்சிக்கப்பட்டது. பழையதன் தூண் ஒன்று வளாகத்தில் நிற்கிறது. பூசைக்குப் போகும் கூட்டத்தில் என் வீட்டுக்கார ஆன்ட்டியும் இருந்தார், நல்ல புடவையில்.

அவர் திரும்பி வரும்வரை கணக்குப் பார்த்தேன். அறை நீங்கலாக, ஒரு நாளுக்குச் சாப்பாடு, சாயா, படகு, பஸ் எல்லாம் சேர்த்து முந்நூற்றைம்பதைத் தாண்டவில்லை. தாண்டியது ஒரே ஒரு நாள், பிரின்சஸ் தெருவில் மழைக்கு ஒதுங்கி ஒரு காபி குடித்தபோது. அந்தக் காபி விலைக்கு இரண்டு வேளை ஊணு வாங்கியிருக்கலாம். நாற்காலி மட்டும் நன்றாக இருந்தது.

சாவியைக் கொடுத்தபோது ஆன்ட்டி, கர்க்கடக மாதத்தில் (நம் ஆடி) வா, மருந்துக் கஞ்சி வைத்துத் தருகிறேன், மழை இதைவிடப் பலமாக இருக்கும் என்றார். மழை பலமானால் வாடகை இன்னும் குறையுமா என்று கேட்டேன்.

"அறுநூற்றைம்பது" என்றார். "கஞ்சிக்குத் தனி."